ஆறு ராணிகளும் லூசினாவின் தேசமும்

திங்கட்கிழமை மத்தியானம் ஐந்தாம் வகுப்பு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்த எர்மின் குவாஷி, ஒரு நோட்டைத் திறந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கையிலிருந்த சிவப்புப் பென்சில் காகிதத்தைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. நிமிஷங்கள் போயின. பென்சில் இறங்கவில்லை.

எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு கரும்பலகைதான். எங்கள் லான்ஸ் ரூஜ் பள்ளிக்கூடம் நீளமான ஒரே கூடம். ஆறு வகுப்புக்கும் சுவர் கிடையாது, கரும்பலகைகளே தடுப்பு. இந்தப் பக்கம் என் பாலர் வகுப்புக் குழந்தைகள் "பூனை, எலி" என்று கத்தினால், அந்தப் பக்கம் இங்கிலாந்து ராஜாக்களின் வரிசைக்குள் ஒரு எலி புகுந்துவிடும்.

நான் பலகைக்கு மேலே எட்டிப் பார்த்தேன்.

"என்னடி ஆச்சு?"

"ஒண்ணுமில்ல ஈனித். தலைவலி."

அந்த நோட்டை மூடி அடுக்கின் அடியில் செருகினாள். பிறகு உருவி எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். நானும் அவளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். முப்பத்துநாலு வயதுவரை எர்மினுக்குத் தலைவலி வந்து நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் இருவரும் கடற்கரைப் பாதையில் நடந்தோம். பாதி வழியில் நின்று, பையைத் திறந்து, அந்தப் பக்கத்தை எனக்குக் காட்டினாள். குண்டு குண்டான எழுத்தில் இரண்டே வரிகள்.

'என் பெயர் லூசினா அலெக்சிஸ். என் தேசம் தெம்னே.'

இரண்டு தடவை படித்தேன்.

தேசம் என்று நாங்கள் சொல்வது, முன்னோரை விலங்கு மாட்டிக் கப்பலில் ஏற்றினார்களே, அந்த மண்ணை. குரோமாந்தி, இபோ, மாந்திங், காங்கோ. விருந்துகளில் பெருமேளம் ஒவ்வொரு தேசத்தின் தாளத்தையும் முறை வைத்து அடிக்கும். அந்தத் தேசத்துக்காரர்தான் முதலில் வட்டத்துக்குள் இறங்கலாம். எங்கள் கரியாக்கூ தீவில் ஒருவன் பெயரை மாற்றிக்கொள்ளலாம், சபையை மாற்றிக்கொள்ளலாம். தேசத்தை மாற்ற முடியாது. அதில் பொய் சொன்னால் முன்னோர் கனவில் வந்து நிற்பார்கள், பிள்ளைக்கு ஆகாது என்பது இங்கே கைக்குழந்தைக்கும் தெரிந்த விஷயம்.

தேசம் அப்பா வழியாக வருவது.

லான்ஸ் ரூஜில் நாற்பது வீடு. அதில் தெம்னே தேசம் ஒரே வீடுதான். கேப்டன் நத்தானியேல் குவாஷியின் வீடு. ஆறு வருஷத்துக்கு முன் தன் பாய்மரக் கப்பலோடு கடலில் போய்விட்ட அந்த உத்தமர், எர்மினின் அப்பா. எர்மின் அவருக்கு ஒரே மகள். அன்று மத்தியானம் வரை ஊரைப் போலவே நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

"நான் அப்பா பேரையே கேக்கலயே ஈனித்" என்றாள் எர்மின். "கிளாஸ்ல மூணு பிள்ளைங்களுக்கு அப்பா யாருன்னு தெரியாது. அதுங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் பேரு வேண்டாம், தேசம் மட்டும் போதும்னேன். தெரியாதவங்க அம்மா வழிய எழுதுங்கன்னேன். அன்பா செய்யறதா நெனச்சுகிட்டு என் வீட்டுக் கூரைல நானே தீ வெச்சிட்டேனே!"

இந்தப் பாடத்துக்காக அவள் பட்ட பாடு கொஞ்சமா? எங்கள் சரித்திரப் புத்தகம் இங்கிலாந்து ராஜாக்களில் தொடங்கி அவர்களிலேயே முடியும். எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவிகளின் பெயரையும் எங்கள் பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும். தன் கொள்ளுத் தாத்தா பெயரைக் கேட்டால் விழிக்கும். போன வருஷம் எர்மின் ஹெட்மாஸ்டர் மிஸ்டர் பெதோவிடம் போய் நின்றாள்.

"இந்த ஊர்ல என்னம்மா சரித்திரம் இருக்கு?" என்று சிரித்தார் அவர். "ஆடு மேஞ்சுது. புயல் அடிச்சுது. மறுபடி ஆடு மேயுது. பிள்ளைங்க உலகத்தைத் தெரிஞ்சுக்கட்டும்."

"அந்தப் புத்தகத்துல நம்ம தீவு எந்தப் பக்கத்துல இருக்கு சார்?"

"இல்லதான். அது உலகச் சரித்திரம்."

"அப்போ நாம உலகத்துல இல்லையா சார்?"

அவர் சிரிப்பு நின்றது. வெள்ளிக்கிழமை காலைப் பள்ளியின் கடைசி அரைமணியை அவளுக்கு விட்டுக்கொடுத்தார். அது நிலைக்க வேண்டுமானால் கிரெனடாவிலுள்ள கல்வி அலுவலகம் ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்று கடிதம் எழுதினாள். கடைசியில் இந்த வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டரே கடல் தாண்டி வருகிறார். பெற்றோரும் வரலாம். பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து தம் பெயரும் தேசமும், வீட்டில் கேட்ட ஒரு கதையும் சொல்ல வேண்டும்.

தண்ணீர்த் தொட்டியடியில் பெண்களுக்கு ஒரு மாதமாக இதே பேச்சு. "எங்க வீட்டு ஆட்டுக்கும் தேசம் எழுதி அனுப்பணுமா டீச்சரம்மா?" என்று கேலி செய்த மிஸ் ஐடோனியாவே (பாட்டியானாலும் இங்கே 'மிஸ்'தான்) மறுநாள் வேறு யாரிடமோ கையை ஆட்டிச் சண்டை போட்டாள். "ஆறு பொண்டாட்டி கட்டி ரெண்டு பேரு தலைய வெட்டினவன் கதைய மனப்பாடம் பண்ணினா பிள்ளை கெடாதாம்! நம்ம பாட்டன் கதைய கேட்டா கெட்டுடுமாம்! போடி!"

ஆம், அந்த ராஜா எத்தனை பேரைக் கட்டினாலும் லான்ஸ் ரூஜில் ஒரு வீட்டிலும் அடுப்பு அணையாது. இதுவோ?

வெள்ளிக்கிழமை லூசினா எழுந்து "தெம்னே" என்று சொன்னால், முன்வரிசையில் எர்மினின் அம்மா மிஸ் கிளோத்தில் உட்கார்ந்திருப்பாள்.

இன்னும் நாலே நாள்.

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும் எர்மின் என்னையும் இழுத்துக்கொண்டு வெர்னெலிடம் போனாள். வெர்னெல் லூசினாவின் அம்மா. ஊருக்கே ரொட்டி சுடுகிறவள். கல் அடுப்பின் முன் நின்று மாவு பிசைந்துகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் அவள் கை ஒரு நொடி நின்றது. பிறகு முன்னைவிட வேகமாகப் பிசைந்தது.

"தெரியலன்னா அம்மா வழிய எழுதச் சொல்லியிருந்தேனே வெர்னெல்" என்றாள் எர்மின்.

"தெரியலன்னாதானே டீச்சர்? எனக்குத் தெரியுமே."

அடுப்புக்குள் விறகு வெடித்தது.

"பேரு கேட்டிருந்தீங்கன்னா கழுத்த அறுத்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்" என்றாள் வெர்னெல். "பன்னெண்டு வருஷமா சொல்லலியே. அவரு கடலோட போன சேதி வந்த அன்னிக்கு ஊரே தெருவுல நின்னு அழுதுச்சு. நான் இங்க நின்னு மாவுல அழுதேன். ரொட்டில உப்புக் கரிக்குதுன்னு உங்கம்மாதான் திருப்பி அனுப்பினாங்க."

எர்மின் அந்த மாவையே பார்த்தாள்.

"நீங்க தேசத்தக் கேட்டீங்க டீச்சர். அதுல பொய் எழுத எனக்குத் தைரியம் இல்ல. எனக்கு இருக்கறது ஒரே பொண்ணு."

"லூசினாவுக்குத் தெரியுமா?"

"தேசம் தெரியும். ஆளு தெரியாது."

"வெர்னெல்..." எர்மின் தயங்கினாள். அவள் கேட்கப்போவது என்ன என்று எனக்குத் தெரிந்தது; கேட்டுவிடாதே என்று மனம் அடித்துக்கொண்டது. "வெள்ளிக்கிழமை ஒரு நாள் மட்டும்... காய்ச்சல்னு சொல்லி அவளை வீட்டுல நிறுத்திக்கிறியா?"

வெர்னெல் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. அதுதான் சுட்டது.

"நிறுத்திக்கலாம். ஆனா ரெண்டு நாளா ஆட்டுக்குத் தழை போடறப்ப, துணி காயப் போடறப்ப, அந்த ஒரு வரியத்தான் சொல்லிச் சொல்லிப் பாக்குறா. மத்த பிள்ளைங்க எங்கப்பா அரூபால இருக்காரு, எங்கப்பா லண்டன்ல இருக்காருன்னு சொல்லும்போதெல்லாம் இவ வாய மூடிகிட்டே வளந்தவ. எழுந்து நின்னு சொல்ல அவளுக்கு இதுவரைக்கும் ஒண்ணுமே இருந்ததில்ல. இப்பதான் ஒண்ணு கெடச்சிருக்கு. அதையும் புடுங்கிக்கணுமா டீச்சர்? நீங்களே சொல்லுங்க."

எர்மின் திரும்பி நடந்தாள். வழியெல்லாம் அவள் பேசியது ஒரே வாக்கியம்தான்: "அம்மா செத்துடுவா ஈனித்."

அவள் வீட்டுக்குப் போனால், அங்கே மிஸ் கிளோத்தில் கரி இஸ்திரிப் பெட்டியோடு தன் வெள்ளை உடையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலி மேல் ஜேனட் புயலுக்கும் தப்பிப் பிழைத்த வெள்ளைத் தொப்பி.

"வா ஈனித். உக்காரு. கருவாடு இருக்கு, சோளக்களி இருக்கு, பச்சைத் துவரை வேகுது. சாப்டுட்டுப் போ. வெள்ளிக்கிழமைக்கு இந்தத் தொப்பி நல்லா இருக்குமா, இல்ல நீலமா?"

"வெள்ளையே போடுங்கம்மா" என்றேன். வேறு என்ன சொல்வேன்?

"முதல் பெஞ்சில எனக்கு இடம் போட்டு வெக்கச் சொல்லிட்டேன் பெதோகிட்ட. அவருக்கு மூஞ்சி செத்துப்போச்சு!" குலுங்கிச் சிரித்தாள். பிறகு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்: "ஒரே வருத்தம். எல்லாத் தேசமும் சொல்லும் பிள்ளைங்க. தெம்னேன்னு சொல்ல அந்தக் கூடத்துல ஒரு பிள்ளை இல்ல. இவளுக்கு ஒரு தம்பி இருந்திருந்தா... சரி விடு. இவ அப்பாவோட போச்சு அது."

எர்மின் தட்டில் துவரை மணி ஒன்றை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நகர்த்திக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை இன்னும் மோசம். பள்ளி விட்ட பிறகு லூசினா கரும்பலகை துடைக்க நின்றாள். மெலிந்த பெண், இறுக்கிப் பின்னிய நாலு சடை, பேசினால் காற்றுக்குக்கூடக் கேட்காது. அன்று அவள் குரல் பலகையைத் தாண்டி எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"டீச்சர், நீங்களும் தெம்னேதானே?"

என் கையில் ஒரு குழந்தையின் சிலேட்டு இருந்தது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

"ஆமா" என்றாள் எர்மின்.

"நம்ம கிளாஸ்ல வேற யாருமே இல்ல டீச்சர். அப்போ நம்ம ரெண்டு பேரோட ஆளுங்களும் ஒரே கப்பல்லயா வந்தாங்க?"

"இருக்கலாம்மா."

"ஒரே சங்கிலியா இருந்திருக்கும்ல டீச்சர்?"

அதன்பிறகு துடைப்பான் பலகையில் தேயும் சத்தம் மட்டும் கேட்டது. துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தது யார் என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை எர்மின் ஹெட்மாஸ்டர் மேஜை முன் போய் நின்றாள். கண்ணுக்குக் கீழே இரண்டு கருவளையம்.

"நாளைக்கு டியூடர் ராஜாக்கள் பாடமே எடுத்துடறேன் சார்."

மிஸ்டர் பெதோ மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். "இப்பதான் டீச்சர் மாதிரி பேசறே. மூணு கடுதாசி போட்டு இன்ஸ்பெக்டரக் கூப்ட்டுட்டு, இப்ப புத்தி வந்துச்சாக்கும்?"

"ஆமா சார்."

"ராஜாக்கள் நல்லவங்க எர்மின். செத்து நானூறு வருஷமாச்சு. யாரு வீட்டுக் கதவையும் தட்ட மாட்டாங்க."

அவருக்கு ஏதாவது தெரிந்திருந்ததா? இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் "ஐயோ டீச்சர்!" என்று கத்தினார்கள். "நான் மூணு நாளா குகைக் கதைய பழகினேன்!" என்று செத்ரிக் டெஸ்கைக் குத்தினான். லூசினா கத்தவில்லை. நோட்டை மூடினாள். அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, எர்மினின் முகத்தையே பார்த்தாள். அந்தப் பெண் முட்டாள் இல்லை. ஊரில் தெம்னே எத்தனை வீடு என்று எண்ணிப் பார்க்க ஒரு நாள் தாராளமாகப் போதும்.

எர்மின் என்னிடம் வந்து, "சரியாத்தானே செஞ்சேன்?" என்று கேட்டாள்.

"சரிதான்டி. நல்லதுதான்" என்றேன். கடவுள் என்னை மன்னிக்கட்டும், அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் மிஸ்டர் ஃபார்க்கர் வந்து இறங்கினார். கிரெனடாக்காரர். கறுப்புக் கோட்டு, கடல் ஒத்துக்கொள்ளாமல் பச்சை பாய்ந்த முகம். கூடம் நிறைந்திருந்தது. முதல் பெஞ்சில் மிஸ் கிளோத்தில், வெள்ளைத் தொப்பி, கையில் குடை. பின்வாசலில், உள்ளே வரவும் மனமில்லாமல் வெளியே போகவும் மனமில்லாமல், மாவு படிந்த துணியோடு வெர்னெல். அந்த இரண்டு பேருக்கும் நடுவில் இருபத்திரண்டு பிள்ளைகள். கடைசி பெஞ்சின் ஓரத்தில் லூசினா.

எர்மின் ஆரம்பித்தாள். "எட்டாம் ஹென்றியின் மனைவியர் யார் யார்?"

பிள்ளைகள் ராகம் போட்டார்கள். மூன்றாவது ராணியில் இன்ஸ்பெக்டர் கையைத் தூக்கினார்.

"மிஸ் குவாஷி. நீங்க எழுதின மூணு கடிதமும் என் பையில இருக்கு. வழியெல்லாம் வாந்தி எடுத்துகிட்டு நான் வந்தது இந்த ஆறு பேரப் பாக்க இல்ல. இவங்க எனக்கு எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் கிடைக்கிறாங்க. நீங்க எழுதின பாடம் எங்கே?"

மிஸ்டர் பெதோ எழுந்தார். "சார், அது வந்து..."

அதற்குள் வகுப்பே எழுந்துவிட்டது. இருபத்திரண்டு பேரில் இருபத்தொரு கை ஆகாயத்தில். "நான் சார்! டீச்சர், நான்!" பெற்றோர் கை தட்டினார்கள். எர்மின் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டதைப் பலகையின் ஓரத்திலிருந்து நான் பார்த்தேன்.

இனித் தப்ப முடியாது. ஒரே வழி, நேரத்தை இழுப்பது. பன்னிரண்டு மணிக்கு மணி அடிக்கும். அவள் பிள்ளைகளின் முதல் பெஞ்சில் வலது ஓரத்தில் தொடங்கினாள். ஒவ்வொரு பிள்ளையையும் மூன்று கேள்வி கேட்டாள். "யாரு சொன்ன கதை இது? எந்த வருஷம்? அந்தக் கெணறு இப்ப எங்க இருக்கு?" வந்தவர்கள், அடடா என்ன அக்கறை என்று தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் தெரியும், அவள் கண் பிள்ளைகள் மேல் இல்லை, சுவர்க் கடிகாரத்தின் மேல் இருந்தது.

"என் தேசம் காங்கோ" என்றான் செத்ரிக், மார்பை நிமிர்த்தி. "எங்க தாத்தாவோட தாத்தா எஸ்டேட்லேர்ந்து தப்பிச்சு மூணு மாசம் குகைல ஒளிஞ்சிருந்தாரு. அப்புறம் பிடிச்சுட்டாங்க."

"எப்படிப் பிடிச்சாங்க?"

"அவரு குறட்டை விட்டாரு டீச்சர்."

கூடம் அதிர்ந்தது. இன்ஸ்பெக்டரின் பச்சை முகம்கூடச் சிவந்தது. மிஸ் கிளோத்தில் குடையைத் தரையில் தட்டித் தட்டிச் சிரித்தாள். பாவம், எத்தனை நாளைக்கப்புறம் அப்படிச் சிரித்தாளோ!

பன்னிரண்டுக்கு நாலு நிமிஷம். இபோ. மாந்திங். மறுபடி குரோமாந்தி. மூன்று நிமிஷம். கடைசி பெஞ்சு வந்தது. இரண்டு. லூசினாவுக்குப் பக்கத்திலிருந்த பெண் தன் கொள்ளுத் தாத்தா படகு கட்டிய கதையை நீட்டி முழக்கினாள். எர்மின் அவளை இன்னும் இரண்டு கேள்வி கேட்டாள். மிஸ்டர் பெதோ எழுந்து மணியைக் கையில் எடுத்தார். எர்மின் மூச்சு விட்டாள். நானும்.

"ஒரு நிமிஷம்" என்றார் இன்ஸ்பெக்டர். "அந்த ஓரத்துப் பொண்ணு இன்னும் சொல்லலியே."

லூசினா எழுந்தாள். நோட்டைத் திறக்கவில்லை. கூடத்தைப் பார்க்கவில்லை. பின்வாசலில் நின்ற அம்மாவைப் பார்க்கவில்லை. எர்மினை மட்டும் பார்த்தாள். அந்த முகத்தில் அப்பிக் கிடந்த பயத்தைப் பார்த்தாள். அது யாருக்காக, எதற்காக என்று அந்தக் குழந்தை படித்துவிட்டது.

"என் பெயர் லூசினா அலெக்சிஸ்" என்றாள். "என் தேசம்... குரோமாந்தி."

பின்வாசலில் வெர்னெல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முடிந்தது. எர்மின் காப்பாற்றப்பட்டாள். அவள் அப்பாவின் பெயரும், அம்மாவின் வெள்ளைத் தொப்பியும், அந்த வீடும், எல்லாம் ஒரு குழந்தை சொன்ன ஒரு பொய்யால் காப்பாற்றப்பட்டன. பதினோரு வயதுப் பெண், தன் முன்னோர் அத்தனை பேர் காது கேட்க, தனக்கென்று இருந்த ஒரே சொல்லை டீச்சரின் காலடியில் வைத்துவிட்டு உட்காரப் போனாள்.

"தப்பு" என்றாள் எர்மின்.

அது அவள் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். மேஜையை விட்டுவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

"தப்பு, லூசினா. உக்காராதே. சரியா சொல்லு. உன் தேசம் தெம்னே."

என் வகுப்பில் ஒரு குழந்தை தும்மியது. அதன் வாயை நான் பொத்தினேன்.

"சொல்லும்மா."

"என் தேசம் தெம்னே." இந்த முறை அது சுவரில் பட்டுத் திரும்பியது.

வெளியூர்க்காரரான இன்ஸ்பெக்டருக்கு என்ன தெரியும்? புத்தகத்தில் எழுதிக்கொண்டே, "தெம்னே. நல்லது. இந்த ஊர்ல நிறைய பேரோ?" என்று கேட்டார்.

"இல்ல சார்" என்றாள் எர்மின். "ரெண்டே பேரு. அவளும் நானும்."

மிஸ் கிளோத்தில் எழுந்தாள். தொப்பியைச் சரி செய்தாள். குடையை ஊன்றிக்கொண்டு பெஞ்சுகளுக்கு நடுவே, மாதா கோயிலில் நடப்பதுபோல நிதானமாக நடந்தாள். வெர்னெல் சுவரோடு ஒட்டி வழி விட்டாள். மிஸ் கிளோத்தில் அவளைப் பார்க்கவில்லை. வெளியே அவ்வளவு வெயிலில் குடையை விரிக்க மறந்து போனாள்.

அதன்பிறகே மணி அடித்தது.

அன்று மத்தியானம் எர்மின் வீட்டு வாசலில் நானும் நின்றேன். உள்ளே போகக் கால் வரவில்லை. அம்மா உடையைக்கூட மாற்றாமல் சாப்பாட்டு மேஜை முன் உட்கார்ந்திருந்தாள்.

"ஊர்ல எல்லார் வீட்டுச் சரித்திரத்தையும் கேட்டியே எர்மின். என்கிட்ட கேட்டியா?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பியாம்மா?"

"மாட்டேன்." தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "ஆனா கேட்டிருக்கணும்" என்றாள்.

அழவில்லை, திட்டவில்லை. சனிக்கிழமை காலை ஒரு பெட்டியோடு லாரி ஏறி, ஹில்ஸ்பரோ டவுனிலிருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். எப்போது வருவாள் என்று எர்மின் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

தொட்டியடியில் பேசினார்கள், ஏன் பேச மாட்டார்கள்? சிலர் வெர்னெலிடம் ரொட்டி வாங்குவதை நிறுத்தினார்கள். நாலாம் நாள் வேறு அடுப்பு இல்லையென்று மறுபடி வந்தார்கள். "அந்த உத்தமரா!" என்று ஒருத்தி மூக்கில் விரல் வைத்தால், "உத்தமருக்கு மட்டும் ரெண்டு கால் கெடையாதா?" என்று மிஸ் ஐடோனியா அவள் வாயை அடைத்தாள்.

இரண்டு வாரத்தில் இன்ஸ்பெக்டரின் அறிக்கை வந்தது. மாணவியின் தவறான விடையை ஆசிரியை உடனுக்குடன் திருத்தியது பாராட்டத்தக்கது என்று அதில் இருந்தது. பாடம் பற்றி அடுத்த ஆண்டு யோசிக்கப்படும் என்றும் இருந்தது. அதுவரை அரைமணியை நிறுத்தி வைப்பதாக மிஸ்டர் பெதோ சொன்னார். ஆறு ராணிகளும் திரும்பி வந்தார்கள்.

ஆனால் நேற்று, பள்ளி விட்ட பிறகு, பலகைக்கு அந்தப் பக்கம் இரண்டு குரல் கேட்டது.

"டீச்சர், அவருக்கு நீச்சல் தெரியுமா?"

அந்தக் கேள்வியை எர்மின் தனக்குள் எத்தனை ராத்திரி கேட்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

"தெரியாது. கப்பல்காரங்க நிறைய பேருக்குத் தெரியாது."

"எனக்கு நீச்சல் தெரியும்" என்றாள் லூசினா. "வேற?"

"வேற... காலைல எழுந்ததும் முதல்ல வானத்தத்தான் பாப்பாரு. மூஞ்சி கழுவறதுக்கு முன்னாடியே. இடது கையாலதான் கயிறு முடிவாரு. அவரு பாடினா..."

அவள் நிறுத்திவிட்டாள். மேட்டுப் பாதையில் ஹில்ஸ்பரோ லாரி ஏறி வரும் சத்தம். எர்மின் தலையைச் சாய்த்துக் கேட்டாள். நானும் கேட்டேன். லாரி அவள் வீட்டுத் திருப்பத்தில் வேகம் குறைந்தது, ஏதோ முனகியது, பிறகு நிற்காமல் போயிற்று.

"பாடினா?" என்றாள் லூசினா.

எர்மின் ஜன்னலிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"பாடினா, ஒரு பாட்டுக்கும் முழுசா வரி தெரியாது. பாதியில அவரா எதையாவது போட்டுப் பாடுவாரு. அம்மா..." அவள் மறுபடி ஜன்னலைப் பார்த்தாள். "எங்கம்மா சிரிப்பா."

"இன்னும் சொல்லுங்க டீச்சர்" என்றது அந்தப் பக்கம்.